ஆகாயத்துக் கண்

கேள்வி: தாராவிக் கூரைகளின்மேல் போலீஸார் டிரோன் பறக்கவிடுவதும் தெருமுனைதோறும் காமிரா வைப்பதும் பிரஜைகளின் அந்தரங்கத்துக்கு ஹானி அல்லவா? (மாட்டுங்கா வாசகர்)

பதில்: பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் படுத்தெழும் தாராவியில் அந்தரங்கம் என்பது அண்டை வீட்டார் தயவில் கிடைப்பதுதான், ஆயினும் அண்டை வீட்டுக்காரி நம்மைப் பார்த்தால் நாமும் அவளைப் பார்க்கலாம், காமிராவிடம் அந்தப் பதில் மரியாதைக்கு வழியில்லை. 2008 நவம்பரில் மும்பையில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலை ஆராய்ந்த ராம் பிரதான் குழு சிபாரிசு செய்த காமிராக்கள், டெண்டர்களில் இடறி விழுந்து எழுந்து, 2016 அக்டோபரில்தான் ஏறக்குறைய 4,700 கண்களாய் விழித்தன. கும்பகர்ணன்கூட ஆறு மாசம்தான் தூங்கினான். 2020 ஊரடங்கில் தாராவிமேல் டிரோன் வட்டமிட்டபோது, தகரக் கூரையில் வடாம் உலர்த்திய பாட்டிமார் காகமென்றே கோலை ஓங்கியிருப்பார்கள்: காகமாவது வடாத்தோடு போய்விடும், இது முகத்தையல்லவா கொண்டுபோகிறது! திருடனைப் பிடிக்கட்டும், வேண்டாமென்பார் யார்? ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் 2017-இல் ஏகமனதாகச் சொன்னபின், எடுத்த படத்தை யார் பார்க்கிறார், எத்தனை நாள் வைத்திருக்கிறார் என்று கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு. கேளும், தகவல் உரிமை மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்தான்.