தறி ஈன்ற கார்

கேள்வி: விடுமுறைக்கு ஜப்பான் போகிறோம். கோயில், கோட்டை எல்லாம் இருக்க, தொழிற்சாலையையா போய்ப் பார்ப்பது?

பதில்: கோயிலையும் பாருங்கள். ஆனால் நகோயாவில் அரை நாளை டொயோட்டா நினைவு அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். பழைய நெசவாலையின் செங்கல் கட்டடம் அது. டொயோட்டா குழுமத்துக்கு வித்திட்ட சகிச்சி டொயோடா 1924-இல் முழுமையாக்கிய தானியங்கித் தறி அங்கே இருக்கிறது. இழை ஒன்று அறுந்தாலே தானாக நின்றுவிடும் தறி அது! 'தவறு நேர்ந்தால் உடனே நிறுத்து' என்ற அந்தப் பாடத்தைத்தான் பின்னாளில் டொயோட்டாவின் கார் தொழிற்சாலையும் படித்தது. ஆக, காருக்குத் தாய்வீடு தறிக்கூடம். கோட்டை மன்னரின் பெருமையைச் சொல்லும். ஆலை உழைத்த கைகளின் பெருமையைச் சொல்லும். பிள்ளைகளை அவசியம் கூட்டிப்போங்கள். பொம்மையைப் பிரித்துப் பார்க்கும் குழந்தைக்கு அதுவே கோயில்!