விடியற்காலை மலைப் படக்காரர்

மலையில் சூரிய உதயத்தைப் பார்க்கப் போகிறவர் வேறு, படமெடுக்கப் போகிறவர் வேறு. முன்னவருக்கு வானம் தெளிவாக இருந்தால் போதும். படக்காரருக்குத் தெளிந்த வானம் துக்க சமாசாரம். அவருக்கு மேகம் வேண்டும். அதுவும் உயரத்தில், கீற்றுக் கீற்றாக, கிழக்கு அடிவானத்தை மறைக்காமல். பள்ளத்தாக்கு நிறைய மூடுபனியும் வேண்டும். ஆனால் அது லென்ஸ் மட்டத்துக்கு ஏறி வரக்கூடாது.

மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக இவரைக் காணலாம் என்றாலும் கொழுக்குமலையில் நடமாட்டம் அதிகம். தேனி மாவட்டத்து மலை; ஏறக்குறைய 8,000 அடி உயரம்; ஜீப் ஏறுவது மட்டும் கேரளத்துச் சூரியநெல்லியில். இருட்டில் குலுங்கி ஏறும் ஜீப்பில் மற்றவர்கள் தலையைக் காப்பாற்றிக்கொள்வார்கள். இவர் இரு கைகளாலும் கேமராப் பையைக் காத்து, தலையைக் கூரையின் பொறுப்பில் விட்டுவிடுவார். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் உபரி பேட்டரிகள் உள்சட்டைப் பையில், உடற்சூட்டில் இருக்கும். பனி படியாமலிருக்க மஃப்ளர் லென்ஸுக்குப் போய்விடும். காதுகள் திறந்தே கிடக்கும்.

மேலே போனதும் ட்ரைபாட் ஊன்ற இடம் பிடிப்பதுதான் முதல் வேலை. நல்ல இடத்தில் ஏற்கெனவே நாலு ட்ரைபாட் நிற்கும். பரஸ்பரம் புன்னகைத்துக்கொள்வார்கள், எவரும் ஓர் அங்குலம் நகரமாட்டார்கள்.

அடுத்தது சட்டம் அமைத்தல். காட்சியைக் குறுக்கிலும் நெடுக்கிலும் மும்மூன்றாகப் பிரித்து, முக்கியமானதைக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்பது பாலபாடம். மலை அதற்கேற்ப நிற்காவிட்டால் இவர் மலையைத்தான் குறை சொல்வார். முன்புறத்தில் ஒரு பாறையோ தேயிலைச் செடியோ வேண்டும். தேங்கிய தண்ணீர் கிடைத்தால் பிரதிபலிப்புக்காக அதன் கரையில் குப்புறப் படுப்பார். மலையின் பிரம்மாண்டம் விளங்க ஒரு மனித உருவமும் வேண்டும். அதற்காகத்தான் மனைவியை அழைத்து வந்திருப்பார். அந்த அம்மாள் கிழக்கே பார்த்தபடி பாறைமேல் நிறுத்தப்படுவார்.

"ஏங்க, குளிருது. வந்துடட்டுமா?"

"அசையாதேம்மா! ஷட்டர் திறந்திருக்கு!"

ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப் 11 என்று வைத்தால் அந்த அரையிருளில் ஷட்டர் பல விநாடிகள் திறந்தே இருக்கும். அசைந்தால் அம்மாள் ஆவியாகப் பதிவாவார்.

உதயத்துக்கு முந்தைய நீல வெளிச்சம் ஒரு மணி நேரம் நீடிக்கும் என்று நார்வேக்காரர் ஒருவரின் காணொளியில் இவர் கேட்டிருப்பார். வட துருவத்துப் பக்கம் சூரியன் சாய்ந்து ஏறும். அங்கே அது சரி. நம் பக்கம் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறுவதால் எல்லாம் இருபது நிமிடச் சொச்சத்தில் முடிந்துவிடும். சூரியவட்டம் விளிம்பு காட்டி முழுதாக மேலே வர இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். அந்த இரண்டு நிமிடமும் இவர் லென்ஸ் மாற்றிக்கொண்டிருப்பார். கும்பல் "ஓ" என்று கத்துவதை வைத்துத்தான் சூரியன் வந்த செய்தி இவருக்கு எட்டும்.

"சார், எல்லாரும் வண்டியில ஏறிட்டாங்க."

"அண்ணே, ஒரே ஒரு அஞ்சு நிமிஷம்."

வீட்டுக்கு வந்தபின் கணினியில் இரண்டாம் உதயம் தொடங்கும். விடியலின் செம்மையைக் கோளாறு என்று நினைத்துக் கேமரா தானாகவே வெளுத்து வைத்திருக்கும். அதை இவர் மீட்பார். மீட்கும் கை அங்கே நிற்காது. தேயிலைச் சரிவு கிளிப்பச்சையாகும், வானம் குங்குமமாகும். வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த மூன்று படங்களை ஒன்றாக இணைப்பதில், காலண்டர் சாமியின் தலைக்குப் பின்னால் இருப்பதுபோல் மலை முகட்டைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் விழும். வேண்டி வேண்டிப் பெற்ற மூடுபனியைப் 'புகை நீக்கு' பொத்தானால் துடைப்பார். பள்ளத்தாக்கு மொட்டையாகத் தெரியவே, தூரிகைக் கருவியால் புதுப்பனி வரைவார். மின்கம்பம் போகும், பக்கத்து ட்ரைபாட் போகும். கடைசியில், நிறச் சமநிலையைக் கெடுக்கிறது என்று மஞ்சள் ஸ்வெட்டர் அம்மாளும் போவார். அன்று இருவரில் உதயத்தை முழுதாகக் கண்டவர் அவர்தான்.

படத்தின் கீழே 'எடிட் செய்யாதது' என்று எழுதுவது மரபு. யாராவது சந்தேகப்பட்டால் அமெரிக்கப் புகைப்பட மேதை ஆன்சல் ஆடம்ஸ் சாட்சிக்கு வருவார். 1927-ல் ஹாஃப் டோம் பாறையை எடுக்கையில் அவர் சிவப்பு வடிகட்டி போட்டு வானத்தைக் கறுப்பாக்கவில்லையா? 1941-ல் எடுத்த நிலவுப் படத்தின் வானத்தை அச்சுக்கு அச்சு இருட்டாக்கவில்லையா? ஆக்கினார். ஆனால் அதை அவர் மறைத்ததில்லை; செய்முறை சொல்லிப் புத்தகமே எழுதினார்.

ஒரு வாரத்தில் அந்தப் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேரும். மூலையிலிருந்த இவர் பெயர் வெட்டப்பட்டு, 'இனிய காலை வணக்கம்' என்ற எழுத்தும் ஒரு ரோஜாவும் சேர்ந்திருக்கும். அனுப்பியவர் பெரிய மாமா. இவர் பெரிதாக்கிப் பார்ப்பார். ரோஜா, கோடுகள் சந்திக்கும் இடத்தில் மிகச் சரியாக உட்கார்ந்திருக்கும்.