மூக்குத் தொடும் மாமா

நாய் ஒன்று சுருண்டு படுத்தால் போதும், மாமா வந்துவிடுவார். ஆளனுப்ப வேண்டியதில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் இப்படி ஒருவர் உண்டு. இறக்குவானைப் பக்கம் அவர் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. தெரணியகலையில் இறப்பர் மலையில் பால் வெட்டியவர். பலாங்கொடையில் தோட்டத்து டிஸ்பென்சரியில் போத்தல் கழுவியவர். ஆள்தான் வேறு, கை ஒன்றே.

முதலில் மோதிரத்தைக் கழற்றுவார். சபரகமுவ மாகாணத்து ஆளாயிற்றே, மோதிரத்தில் ஒரு நீலக்கல் இருக்கும். அது அசலா என்று கேட்கக் கூடாது. மோதிரம் சட்டைப் பைக்குள் போனதும் வலது புறங்கையை நாயின் மூக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். கல் வியாபாரி வெளிச்சத்தில் கல்லைப் பிடித்துக்கொண்டு விலை சொல்லாமல் இழுத்தடிப்பாரே, அந்த இழுவை இதிலும் உண்டு. லயமே மூச்சுவிடாமல் நிற்கும். பிறகு தீர்ப்பு வரும். "ஈரமா இருக்கு தம்பி, நாய் தங்கம்" என்பார். இல்லையென்றால் "காஞ்சி போச்சு, காய்ச்ச" என்பார். மாமாவின் வைத்திய நூலில் இந்த இரண்டு பக்கம்தான். தீர்ப்புக்கு ஒரு நொடி முன்னால் நாய் நாக்கை நீட்டித் தன் மூக்கைத் தானே நக்கிவிட்டால் காய்ச்சல் குணம்.

எங்கள் பக்கம் வருசத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிற இடங்கள் உண்டு. மே, ஜூனில் தீப்பெட்டியே ஈரம். நாயின் மூக்கு மட்டும் காயுமா? ஆகவே மழைக்காலத்தில் மாமாவின் எல்லைக்குள் எந்த நாய்க்கும் நோய் கிடையாது, செத்துப்போகிற நாய் உட்பட. பெப்ரவரி வெயிலில் அத்தனை நாய்க்கும் காய்ச்சல். அடுப்படியில் நன்றாகத் தூங்கி எழுந்த நாய்க்கும் மூக்கு காய்ந்துதான் இருக்கும். அதற்கும் கஷாயம் உண்டு.

மூக்கில் சந்தேகம் வந்தால் காதைத் தொடுவார். "அப்பா, கொதிக்குது!" கொதிக்காமல் என்ன செய்யும்? சுகமாக இருக்கிற நாயின் உடம்புச் சூடே 101 முதல் 102.5 பாகை பாரன்ஹைட். 98.4இல் இருக்கிற மாமாவின் கைக்கு ஊரிலுள்ள நாயெல்லாம் காய்ச்சல்காரன்தான். சூடு பார்க்க வேண்டுமென்றால் தேர்மாமீற்றர் வைக்க வேண்டும், அதுவும் மூக்குக்கு நேர் எதிர் முனையில். இதை ஒருமுறை அவரிடம் சொன்னேன். என்னை மரியாதை கெட்டவன் என்று மேட்டு லயம் வரைக்கும் சொல்லிவிட்டார்.

இத்தனை மூக்கு தொட்டவர் ஒரு மூக்குக்குள்ளாவது எட்டிப் பார்த்தாரா என்றால் இல்லை. ஓடையில் தண்ணீர் குடிக்கிற நாயின் மூக்குத் துளையில் நீரட்டை ஏறி உட்கார்ந்துகொள்ளும். நாய் தும்மித் தும்மி ஒரு துளையில் இரத்தம் ஒழுகும். மாமா அதையும் தொட்டார். "நல்ல ஈரம்."

பக்கத்துக் காம்பரா நாய் டைகர் படுத்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். சோறு வைக்கிற அக்கா வாசலில் நின்று சொன்னார்: "புதன்கெழமயிலருந்து கருவாட்டுத் தலையப் போட்டாலும் மோந்துட்டுப் போயிருது மாமா. தண்ணி மட்டும் குடிக்குது. நான் பெரட்டுக்குப் போறப்ப தெனமும் பின்னாலயே வரும், இப்ப எந்திரிக்கவே மாட்டேங்குது. மூத்திரம் சாயத்தண்ணி கணக்கா போகுது."

நோயின் முழு அறிக்கையும் அதில் இருந்தது. மாமா கையை உயர்த்தினார். "இரும்மா, மொதல்ல மூக்கப் பாத்துக்கிறேன்."

ஈரமாக இருந்தது. தங்கம் என்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பாதிப் பனடோலை ரொட்டியில் வைத்துத் திணித்தார். மனிதர் விழுங்குகிற அந்த மாத்திரை, அளவு சற்றுப் பிசகினாலும் நாயின் ஈரலைக் கெடுக்கும் என்பது அவருக்கு எட்டாத சங்கதி.

அக்கா மறுநாள் வேலைக்குப் போகாமல், பேரைவிட்டு, த்ரீவீலர் பிடித்து டவுனுக்குக் கொண்டுபோனார். பேராதனையில் படித்த மிருக வைத்தியர் டைகரின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளுத்துக் கிடந்தது. விரலால் அழுத்திவிட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டுமாம், அதையும் பார்த்தார். காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி. இரத்தத்தைச் சோதித்ததில் உண்ணிக் காய்ச்சல். டைகர் பிழைத்தது. மாமாவுக்கு ஒரே குறை: "என்னா டொக்டரு, மூக்கத் தொட்டே பாக்கலயாமே?"

அவரை விட்டுத் தொலைக்கவும் முடிவதில்லை. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. டவுனுக்கு த்ரீவீலர் போய்வருவதற்குள் ஒருநாள் சம்பளம் கரைந்துவிடும், பேரும் போய்விடும். பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள். தோட்டத்து டிஸ்பென்சரி மனிதருக்கு மட்டும். நடுராத்திரி அடைமழையில் டோர்ச்சோடு, காலெல்லாம் அட்டை தொங்க, கூப்பிடாமலே ஏறிவருகிற ஒரே வைத்தியர் மாமாதான். காசு வாங்கமாட்டார். உள்ளங்கையில் சீனியும் ஒரு சாயத்தண்ணியும் போதும். நாய் செத்தால் குழி வெட்டவும் அவர்தான்.

ஆனால் எலும்பு விசயத்தில் எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. ஒரு நாய் வாயைத் திறந்தபடி, எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் நின்றால், "தொண்டையில எலும்பு மாட்டிருச்சு" என்று கையை உள்ளே விடுகிறார். விசர்நோய் தொடங்குகிற விதங்களில் அதுவும் ஒன்று. தாடை தொங்கும், குரல் மாறும், மேலே விழுந்து விளையாடிய நாய் கட்டிலுக்கடியில் போய் ஒளியும். கிருமி இருப்பது அந்த எச்சிலில். கவ்வாத்துக் கத்திக் கீறலோ அட்டைக் கடியோ இல்லாத கை எங்கள் தோட்டத்தில் எவருக்கு உண்டு? மனிதருக்கு அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்ற மருந்தில்லை என்றே சொல்லலாம். விசர்நோய்க்கு 1893இலேயே சட்டம் போட்ட நாடு இது. நாய்க்கு ஊசி இலவசம். ஊசி போட ஆட்கள் வருகிற நாளில் மாமா காம்பரா காம்பராவாகப் போய், "ஊசி போட்டா நாய் சோம்பேறியாப் போயிரும், ராத்திரி கொரைக்காது" என்கிறார். சனம் அதைக் கேட்டு நாய்களை மலைக்கு விரட்டிவிடுகிறது. மூக்கைத் தொடுவது கிடக்கட்டும், இதை அவர் நிறுத்த வேண்டும்.

போன தீபாவளிக்குக் கொழும்பில் வேலை செய்கிற மகன் அவருக்கு ஒரு தேர்மாமீற்றர் வாங்கிவந்து கொடுத்தான், பட்டனை அழுத்தினால் கீச்சென்று சத்தம் போடுகிற ரகம். மாமா அதைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டுதான் இப்போது திரிகிறார். நேற்று எங்கள் வாசலில் படுத்திருந்த குட்டியைப் பிடித்து உட்காரவைத்து, கண்ணை மூடி, அதன் மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.