ஒத்திகை மாமா

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் கோயில் திருவிழாவுக்கு நாடகம் போடுகிறவர்கள் மழைக்கு அஞ்சுவதில்லை. மழை அந்த மலையோடு கூடப் பிறந்தது. மின்சாரம் போனாலும் கவலையில்லை, லோரி பேட்டரியில் ஒரு விளக்காவது எரியும். அவர்கள் அஞ்சுவது ஒத்திகை மாமாவுக்குத்தான்.

ஒத்திகை மாமா யாருக்கும் சொந்த மாமா இல்லை. தோட்டத்துக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். ரிங்லெட் பக்கம் போனாலும் இருக்கிறார், பிரிஞ்சாங்குக்கு மேலே ஏறினாலும் இருக்கிறார். கீழே கைலி, மேலே பாத்தேக் சட்டை, அதன்மேல் கோலாலம்பூரிலிருந்து மகன் வாங்கிவந்த சுவெட்டர், கழுத்தில் மஃப்ளர், காலில் ரப்பர் பூட்ஸ். கையில் டார்ச் லைட். இந்த டார்ச்சை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். தேயிலை ஆலையில் சல்லடைப் பிரிவில் இருந்தவர். வாட்டி, உருட்டி, புளிக்கவிட்டு, உலர்த்தி வருகிற இலையை ரகம் ரகமாகப் பிரித்த கண் அது. இன்று சலிக்க இலை இல்லாததால் ஆட்களைச் சலிக்கிறார். நாடகம் அரங்கேறும் இரவு அவருக்கு முக்கியமில்லை. அதற்கு ஊரே வரும், அமைச்சர் யாராவது வருவார், மாலை போடுவார்கள். மாமாவின் காலம் அதற்கு முந்தைய மூன்று நான்கு மாலைகள். வேடம் கட்டாமல், வசனம் பாடமாகாமல், பாதி நடிகர்கள் பாதி வழியில் இருக்கிற அந்த நேரத்தில் முதல் நாற்காலியில் வந்து உட்காருவார்.

நாற்காலியை அவரே கொண்டு வருவார்.

இந்த முறை பேரப்பிள்ளைகள் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தார்கள். ஈப்போவில் வேலை பார்க்கிறவன், கோலாலம்பூரில் படிக்கிறவள், இங்கேயே காய்கறித் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவன் எல்லாரும் கூடி, தாத்தாக்கள் போட்ட 'சத்தியவான் சாவித்திரி'யை மறுபடி மேடையேற்றுவது என்று. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகம். 1867-இல் தூத்துக்குடியில் பிறந்து 1922-இல் மறைந்த அந்த மனிதரின் பாட்டும் வசனமும் கப்பலேறிக் கடல் கடந்து, ரப்பர்க் காட்டிலும் தேயிலைக் காட்டிலும் வாய்ப்பாடமாகவே பிழைத்துக் கிடந்தன. ஈப்போக்காரன் சிம்பாங் பூலாய் சாலையில் மோட்டார் சைக்கிளிலேயே மலையேறி வந்தான். வந்து இறங்கியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "மாமாவுக்குத் தெரியுமா?"

தெரிந்திருந்தது. கோயில் மண்டபத்தில் மாமா ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்.

ஒத்திகை தொடங்கியது. நாரதர் வந்தார். கையில் தம்பூராவுக்குப் பதிலாக பேட்மிண்டன் மட்டை. மாமா டார்ச்சை அடித்து நாரதரின் முகத்தைப் பார்த்தார், பிறகு மட்டையைப் பார்த்தார். "நாரதர்னா எம்.எஸ். அம்மா. 1941-ல 'சாவித்திரி' படத்துல ஆம்பளை வேசம் கட்டி வந்தாங்க பாரு, அது நாரதர்" என்றார். 1941-இல் மாமா பிறக்கவில்லை. ஆனால் தகவலில் பிழை கிடையாது. எம்.எஸ். சுப்புலட்சுமி அந்தப் படத்தில் நாரதராக நடித்தது உண்மைதான். ஒத்திகை மாமாக்களிடம் இதுதான் சங்கடம். சொல்கிற சேதி சரியாக இருக்கும், சொல்கிற நேரம்தான் தப்பாக இருக்கும்.

மலையில் இரவு 15 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆர்மோனியக்காரர் விரல் விறைத்து, கறுப்புக் கட்டையைத் தேடி வெள்ளைக் கட்டையில் விழுகிறார். ஈரக்காற்றில் மிருதங்கத்தின் தோல் தொய்ந்து சுருதி கீழே போகிறது. பாடுகிறவன் பழைய சுருதியிலேயே நிற்கிறான். இருவருக்கும் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. அதில் மூடுபனி.

எமன் வந்தான். லோரி ஓட்டுகிற பிள்ளைதான் எமன். மீசை இருக்கிறது, உடம்பு இருக்கிறது, குரலும் இருக்கிறது. ஆனால் சுவெட்டரைக் கழற்ற மறுத்துவிட்டான்.

"என்னா தம்பி, எமனுக்குக் குளிருதா?"

"குளிருது மாமா."

"உங்க லோகத்துல கொப்பரையில எண்ணெய் கொதிக்குதுன்னு சொல்றாங்க. உனக்கு எப்படிடா குளிரும்?"

எமனிடம் பதில் இல்லை. மாமா டார்ச்சை அவன் நெஞ்சுக்கு இறக்கினார். "சரி, சுவெட்டர் கெடக்கட்டும். நெஞ்சுல 'எமன்'னு எழுதி ஒட்டிக்க. இல்லாட்டி தாப்பா பஸ்ஸுக்கு நிக்கிற ஆளு மாதிரி இருக்கே. சாவித்திரி உன்கிட்ட புருசன் உசிரைக் கேப்பாளா, டிக்கெட்டு கேப்பாளா?"

மண்டபம் சிரித்தது. எமனும் சிரித்துவிட்டான். அதோடு அன்றைய எமபயம் முடிந்தது.

மாமா கிண்டலாகச் சொன்னதை நியூயார்க்கில் காசு செலவழித்துச் செய்திருக்கிறார்கள். பிராட்வேயில் ஓர் இசை நாடகத்தை முறைப்படி திறப்பதற்கு முன் சில வாரங்கள் முன்னோட்டக் காட்சிகள் நடத்துவது வழக்கம். டிக்கெட் உண்டு. பார்வையாளர் எங்கே சிரிக்கிறார், எங்கே இருமுகிறார், எப்போது எழுந்து போகிறார் என்று பார்த்து இரவோடு இரவாகக் காட்சியை வெட்டுவார்கள், பாட்டை மாற்றுவார்கள். 1981-இல் ஸ்டீஃபன் சோண்ட்ஹைம் இசையமைத்த 'மெரிலி வி ரோல் அலாங்' முன்னோட்டத்துக்கு வந்தபோது, யார் எந்தப் பாத்திரம் என்று சனங்களுக்குப் புரியவில்லை. கூட்டம் பாதியில் எழுந்து போனது. உடனே தைத்து வைத்த உடைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, நடிகர்களுக்குச் சுவெட்டர் மாதிரி ஒரு சட்டையை மாட்டி, நெஞ்சில் இன்னார் என்று எழுதியும் விட்டார்கள். அப்படியும் நாடகம் நிற்கவில்லை. திறப்பு விழாவுக்குப் பிறகு 16 காட்சிகளோடு மூடிவிட்டார்கள். அதே நாடகம் 2023-இல் பிராட்வேயில் மறுபடி மேடையேறி, அடுத்த ஆண்டு சிறந்த மறுமேடையேற்றத்துக்கான டோனி விருதை வாங்கியது.

இந்தக் கதையைக் கோலாலம்பூரில் படிக்கிற பெண் மாமாவிடம் சொன்னாள். அவள்தான் சாவித்திரி. மாமா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்த 16 காட்சிக்கு முன்னால என்னை மாதிரி ஒருத்தனைக் கூப்பிட்டிருக்கணும்" என்றார். அங்கேயும் ஓர் ஆள் இருந்திருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது. 1943-இல் 'ஓக்லஹோமா!' நாடகம் வேறொரு பெயரில் நியூ ஹேவன் ஊரில் வெள்ளோட்டம் விட்டபோது, அதில் கவர்ச்சி ஆட்டமும் இல்லை, சிரிப்பும் இல்லை, தேறாது என்று ஒரு தீர்ப்பு நியூயார்க்குக்குப் பறந்ததாம். யார் சொன்னது என்பதில் இன்றுவரை பல பெயர்கள் அடிபடுகின்றன. அந்த நாடகம் பிராட்வேயில் 2,212 காட்சிகள் ஓடிய பிறகு, நான்தான் சொன்னேன் என்று முன்வர யாருக்குத் துணிவு வரும்? நம் மாமாவாக இருந்தால் வந்திருப்பார். "நான் சொன்னதாலதான் திருத்திக்கிட்டானுங்க" என்றிருப்பார்.

மாமாவுக்குப் போக இடமில்லாத நாடகமும் உலகத்தில் உண்டு. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகங்களில் ஒத்திகையே கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள், ராத்திரி மேடையில்தான் சந்தித்துக்கொள்வார்கள், விடியும்வரை பிசகாமல் நடத்திவிடுவார்கள். அந்த ஊர்களில் மாமா பிறந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைக்கவே பாவமாக இருக்கிறது.

ஒத்திகைக்கு மாமா மட்டுமா வருகிறார்? மகள் நடிக்கிறாள் என்று பார்க்க வரும் தாய்மார்கள் உண்டு. மகளுக்கு எதிரே யார் நடிக்கிறான் என்று பார்க்க வரும் தகப்பன்மார்கள் அதைவிட உண்டு. மிலோவும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள் என்று வரும் சிறுவர்கள், சாவித்திரி அழும்போதெல்லாம் கூட ஊளையிடும் ஒரு நாய். கடைசி வரிசையில் கொழுந்து வெட்ட வந்த நேப்பாளத்து இளைஞர்கள். பகல் முழுக்கச் சரிவில் நின்று கத்திரி பிடித்த கைகளைக் கட்டிக்கொண்டு, தமிழ் ஒரு சொல்லும் தெரியாமல், சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தார்கள். ஒருவன் கண்ணைத் துடைத்தான். மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "உனக்கு என்னாடா புரிஞ்சுச்சு?" என்று மலாயில் கேட்டார். "இந்தக் கதை எங்க ஊர்லயும் இருக்கு" என்றான் அவன், அதே உடைந்த மலாயில். மாமா டார்ச்சை அணைத்துக்கொண்டார். தன்னைவிடக் குறைவாகப் பேசி நிறைய ரசிக்கிறவனை எந்த விமர்சகருக்குப் பிடிக்கும்?

டார்ச்சுக்கு இப்போது வருகிறேன். நடிகன் வசனம் மறந்து திணறினால் மாமாவின் டார்ச் அவன் முகத்தில் விழும். நன்றாகப் பாடினால் கூரையில் விழும். சலிப்பு வந்தால் அணைந்துவிடும். மற்ற ஊர்களில் பத்திரிகைக்காரர்கள் பத்தி பத்தியாக எழுதுவதை இவர் ஒரு பொத்தானில் முடித்துவிடுவார். இதனால் சத்தியவான் வேடக்காரன் எதிரே இருந்த சாவித்திரியைப் பார்க்காமல் கூரையையே பார்த்துப் பாடப் பழகிவிட்டான். அதற்கும் மாமா திட்டினார்.

அவருடைய யோசனைகளைக் குறித்துவைத்தால் ஒரு நாடகம் தேறாது, இரண்டு தேறும். முதல் மாலை, "பாட்டு சாஸ்தி, வசனத்தைக் கூட்டு." மறுமாலை, "என்னா வெறும் வசனமா வளவளன்னு, பாட்டு எங்க?" சுவாமிகளின் கதையை ஆதாரமாக வேறு இழுப்பார். அவர் எமன் வேடம் கட்டி வந்தால் பார்த்தவர்கள் கதிகலங்கிப் போவார்களாம். அந்தப் பயம் விபரீதத்தில் போய் முடிந்ததால்தான் நடிப்பை விட்டு எழுத உட்கார்ந்தார் என்று நாடகக்காரர்கள் சொல்லிவருவதுண்டு. "நம்ம எமனைப் பாத்து ஒரு கைப்பிள்ளைகூட அழலையே" என்பார் மாமா. கைப்பிள்ளை மடியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார். "அந்தக் காலத்துல போட்டாங்களே, அது நாடகம்."

அந்தக் காலத்து நாடகத்தில் சாவித்திரியாக நடித்தவர் இன்னும் இருக்கிறார். கிராணி வீட்டுத் தம்பி. இப்போது தாத்தா. அப்போது பெண் பிள்ளைகளை மேடைக்கு அனுப்பமாட்டார்கள், இவர்தான் சேலை கட்டினார். இரண்டாம் மாலை பல்செட்டைப் போட்டுக்கொண்டு ஒத்திகை பார்க்க வந்தார். மாமா தன் வாக்கியத்தை ஆரம்பித்ததும் தாத்தா குறுக்கே கையை நீட்டினார்.

"அப்ப இவனுக்கு மீசைகூட அரும்பலை. எங்க ஒத்திகையில முன்னாடி வந்து குந்திக்கிட்டு என்ன சொன்னான் தெரியுமா? 'எங்க அப்பா காலத்துல போட்டாங்களே, அது நாடகம்'னான்."

இளசுகள் மாமாவைப் பார்த்தார்கள். மாமா அசரவில்லை. "ஆமா, சொன்னேன். அதும் நெசந்தான்" என்றார்.

அவருடைய அப்பாவின் அப்பா என்ன சொன்னாரோ. மலையில் முதல் தேயிலைத் தோட்டத்தை ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் தொடங்கியபோது காட்டை வெட்டவும் செடி நடவும் வந்தவர்கள் கூடவே கதையையும் பாட்டையும் கொண்டுவந்தார்கள். அன்று இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து யாராவது பாடியிருந்தால், பக்கத்தில் போர்வைக்குள்ளிருந்து ஒருவர், "எங்க ஊர்ல பாடுவான் பாரு" என்று தொடங்கியிருப்பார். பினாங்கில் பார்சி நாடகக்காரர்கள் வந்து போனபின் உள்ளூர்க்காரர்கள் அதை மலாயில் பாங்சாவானாக ஆடத் தொடங்கிய 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும், பார்சிக்காரன் ஆடியதுபோல வருமா என்று ஒரு மாமா முதல் வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் இல்லாமல் எந்தக் கலையும் துறைமுகம் தாண்டியிருக்காது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். மாமா சொன்னதில் ஒன்று பலித்தது. சத்தியவான் செத்து விழுந்தபின் சாவித்திரி எமனோடு கால்மணி நேரம் வாதாட வேண்டும். அவ்வளவு நேரமும் சத்தியவான் சிமெண்டுத் தரையில் பிணமாகக் கிடக்க வேண்டும். குளிரில் பிணம் வெடவெடவென்று நடுங்கியது. சாவித்திரி மூன்றாவது வரம் கேட்கும்போது பிணத்தின் பற்கள் தாளம் போட்டது கடைசி வரிசைவரை கேட்டது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மாமா எழுந்தார். மண்டபத்து மூலையில் கிடந்த இரண்டு சாக்குகளை எடுத்துவந்து மேடையில் விரித்தார். மேலே கொஞ்சம் இலைதழையைப் பரப்பினார். "காட்டுல செத்தவன் தழையிலதான் கெடப்பான். இப்ப சாவுடா" என்றார். பிணம் அசையாமல் கிடந்தது. டார்ச் கூரைக்குப் போனது. அவரே தன்னைப் பாராட்டிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

திருவிழா இரவு வந்தது. மண்டபம் கொள்ளாத கூட்டம். எமன் சுவெட்டருக்கு மேல் கறுப்புச் சட்டை மாட்டி இன்னும் பெரிதாகத் தெரிந்தான். கைப்பிள்ளை அழுதது. முதல் வரிசையில் மாமாவைக் காணோம். அவர் வெளியே ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டு, ஒலிபெருக்கியில் வசனம் வருவதற்கு ஒரு நொடி முன்னால் தான் சொல்லிக்கொண்டிருந்தார். நாரதரின் முழுப் பாடமும் தெரிந்திருந்தது. சாவித்திரியின் பாடமும் தெரிந்திருந்தது. அன்று மேடையில் யாராவது மயங்கி விழுந்திருந்தால் எந்த வேடத்துக்கும் அவர் தயார்.

மறுநாள் காலை கடையில் யாரோ கேட்டார்கள், நாடகம் எப்படி என்று.

"ஒத்திகையில எவ்வளவு நல்லா இருந்துச்சு!" என்றார் மாமா. "மேடையில கெடுத்துட்டானுங்க."

அடுத்த ஆண்டு 'பவளக்கொடி' போடுவதாகப் பேச்சு இருக்கிறது. முதல் ஒத்திகையில் அவர் சொல்லப்போவது இப்போதே எல்லாருக்கும் தெரியும்: போன வருசம் சத்தியவான் போட்டானுங்களே, அது நாடகம்.

இதைப் படிக்கிற உங்கள் ஊரில் யாராவது பழைய நாடகம் ஒன்றைத் தூசு தட்டிப் போடுவதாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். மாமாவைத் தாப்பா பஸ்ஸில் ஏற்றிவிடுகிறோம். நாற்காலியும் டார்ச்சும் அவரே கொண்டுவருவார். சீனி குறைத்து ஒரு தே தாரிக் மட்டும் கொடுத்தால் போதும். திருப்பி அனுப்ப அவசரமே இல்லை.