மர்ஃபி குலத்தாரின் தோற்றமும் பரவலும்: ஓர் அம்பத்தூர் ஆய்வு

அயர்லாந்தின் கார்க் நகரக் கடைவீதியில் நின்று ‘மர்ஃபி’ என்று குரல் கொடுத்தால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் நின்று ‘மூர்த்தி’ என்று கூப்பிட்டாலும் அதே கதைதான். கூடவே ஓர் ஆட்டோவும் வந்து நிற்கும். இந்த இரண்டு உண்மைகளையும் எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஒப்பியல் துறையின் இந்த மெத்தனத்தைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம். களப்பணிக்கு யாரும் நிதி ஒதுக்கவில்லை. டீ, போண்டாச் செலவு முழுக்கக் கட்டுரையாளருடையது.

முதலில், யாரும் சண்டைக்கு வர முடியாத செய்திகள். 1890-ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளை வைத்து ராபர்ட் மாத்சன் என்ற அதிகாரி அயர்லாந்தின் குடும்பப் பெயர்களை எண்ணிப் பார்த்தார். மர்ஃபிக்கு முதலிடம், நாடு முழுக்க 62,600 பேர் இருக்கலாம் என்பது அவர் கணக்கு. அடுத்தவர்கள் கெல்லிகள், 55,900. மர்ஃபிகள் எல்லாரும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் அல்லர். தெற்கே கார்க், தென்கிழக்கே வெக்ஸ்ஃபோர்டு, வடக்கே அல்ஸ்டர் என்று தனித்தனியாக முளைத்தவர்கள். முர்ஹத் என்று பெயர் கொண்ட ஆள் எந்த ஊரில் பெரிய ஆளாக இருந்தாரோ, அந்த ஊரில் ஒரு மர்ஃபி வம்சம் கிளம்பியிருக்கிறது. லென்ஸ்டரின் அரசர் டெர்மட் மக்முரோவும் முர்ஹத் ஒருவரின் வழிவந்தவரே. பறிபோன நாட்டைப் பிடிக்க 1169-ல் கடல் தாண்டி நார்மன்களைக் கூட்டிவந்த புண்ணியவான். வீட்டுச் சண்டைக்கு வெளியாளைக் கூப்பிடும் அந்தக் கலை நம் பக்கம் முழுசாக வந்து சேரச் சுமார் அறுநூறு வருடம் பிடித்தது: ஆற்காட்டு நவாப் 1763-ல் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகத் தூக்கிக் கொடுத்தார்.

ஐரிஷ் மொழியில் இந்தப் பெயரின் முழு வடிவத்தை எழுத்துக் கூட்டினால் ‘ஓ முர்க்கதா’ போல இருக்கும். வாயில் வரும்போது பாதி எழுத்து கரைந்துவிடும். காதில் விழுவது ஏறக்குறைய ‘ஓ முரஹூ’. முன்னால் நிற்கும் ‘ஓ’ சும்மா ராகம் இழுப்பதற்கு அல்ல. அதற்குப் பேரன் என்று பொருள். ‘மக்’ என்றால் மகன். 1014-ல் டப்ளினுக்குப் பக்கத்தில் குளோன்டார்ஃப் போரில் செத்த பிரையன் போருவின் வழியினர் ஓ பிரையன்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து, அதனாலேயே அவனைப் பெயரன் என்று அழைத்துப் பேரன் ஆக்கிக்கொண்ட நாம், இந்த ‘ஓ’வைப் பார்த்து ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மர்ஃபியின் மூலம் எது என்பதில் மேற்குச் சென்னையில் இரண்டு கட்சிகள் உண்டு. கட்சிகள் கூடும் இடம் டீக்கடை.

மூர்த்திக் கட்சி பழையது. அதன் மூலாதாரம் ரேடியோ. ஃபிராங்க் மர்ஃபி என்ற பொறியாளர் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 1929-ல் இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டியில் தொடங்கிய கம்பெனியின் பெயர், நம் முன்னறைகளுக்குள் மரப்பெட்டியாக வந்து இறங்கியது. ஆவடி குவார்ட்டர்ஸாக இருக்கட்டும், வில்லிவாக்கம் ஒண்டிக்குடித்தனமாக இருக்கட்டும், பூவேலை செய்த துணி போர்த்திச் சாமி படத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். விளம்பரத்தில் வாயில் விரலை வைத்திருந்த மர்ஃபி பாப்பாவைக் காலண்டரில் மாட்டினார்கள். வீட்டுக்கு ஒரு மூர்த்தி, முன்னறைக்கு ஒரு மர்ஃபி. ‘மூர்த்தியை மர்ஃபியை அணைக்கச் சொல்லு’ என்ற வாக்கியம் இங்கே தினசரி புழங்கியிருக்கிறது. 2012-ல் வந்த ‘பர்ஃபி’ என்ற இந்திப் படத்தில் இந்த ரேடியோவின் பெயரை வைத்த பிள்ளை, வாய் திருந்தாமல் தன் பெயரைப் பர்ஃபி என்று சொல்லிக்கொள்கிறான். மர்ஃபி பர்ஃபி ஆகலாம் என்றால் மூர்த்தி மர்ஃபி ஆகக் கூடாதா என்று கேட்கிறார்கள் இந்தக் கட்சிக்காரர்கள். ஆகலாம். ஆனால் மூர்த்தி வடசொல். அந்தச் சிக்கலை எழுப்பியதும் இந்தக் கட்சியினர் சில்லறை கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

முருகன் கட்சி அப்படிக் கிளம்புவதில்லை. முர்ஹத் என்ற பெயரை ஐரிஷ் அறிஞர்களே பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்: முதல் பாதி கடல், பின்பாதி போர். கடற்போர் வீரன். இனி நாம் சொல்ல வேண்டியது என்ன இருக்கிறது? ஐப்பசி சஷ்டியில் திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரனை முடித்தவர் யார்? அந்தப் போர் முடிந்து அவர் சினம் தணிந்து உட்கார்ந்த இடம் திருத்தணி. பாடி, அம்பத்தூர், ஆவடி என்று போகும் சி.டி.எச். ரோட்டைப் பிடித்துப் போய்க்கொண்டே இருந்தால் திருத்தணிதான். ஆடிக் கிருத்திகை சமயத்தில் அந்தச் சாலையோரம் நின்று பாருங்கள். மஞ்சள் துணி, தோளில் காவடி, தார் சுட்ட வெறுங்கால். மோர்ப் பந்தலில் ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு சென்டர் மீடியனில் உட்கார்ந்து, கொப்புளத்தைத் தொட்டுப் பார்த்தபடி ஒருவர் விடுகிற பெருமூச்சில் வரும் சொல் ‘ஓ… முருகா’. கார்க் மாவட்டத்துக்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால் ‘என்ன வேண்டும்?’ என்று கேட்டிருப்பார்.

முருகாவின் ‘க’ எப்படி ‘ஃப’ ஆயிற்று? வெள்ளைக்காரன் காது. பூவிருந்தவல்லி பூந்தமல்லி ஆனது நம் வாயின் வேலை. அது ஆங்கிலத்தில் பூனமல்லி ஆனது அவர்கள் காதின் வேலை. திருவல்லிக்கேணியை ட்ரிப்ளிகேன் ஆக்கி, தூத்துக்குடியை டூட்டிகொரின் ஆக்கிய காதுக்கு முரஹூவை மர்ஃபி ஆக்குவது காப்பிக்கு முந்திய வேலை. இன்னொரு நுட்பமும் உண்டு. மர்ஃபி வீட்டுப் பெண் ஐரிஷில் பெயர் சொல்லும்போது ‘ஓ’ போட மாட்டாள், ‘நி’ போடுவாள். போட்டதும் அடுத்து வரும் ‘ம’ இளகி ‘வ’ ஆகிவிடும்: நி வுரஹூ. அயர்லாந்தில் ‘ம’ போய் ‘வ’ வருகிறது. பூவிருந்தவல்லியில் ‘வ’ போய் ‘ம’ வந்திருக்கிறது. இரண்டு கணக்கையும் சேர்த்தால் பைசா பாக்கியில்லாமல் நேராகிறது. இதற்கு மேல் சான்று கேட்பவர்களோடு பேசிப் பயனில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஆவடி என்பது படைத்துறை ஆயுதக் கிடங்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து முதலெழுத்துகளைப் பொறுக்கிச் செய்த பெயர் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். காங்கிரஸ் மாநாடு ஆவடியில் நடந்தது 1955-ல். டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது அதற்குப் பிறகு, அறுபதுகளில். ஊர்ப் பெயர் இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. ஓசை ஒற்றுமையை மட்டும் வைத்துக்கொண்டு வரலாறு எழுதும் இத்தகைய போக்கை இக்கட்டுரையாளர் வன்மையாகக் கண்டிக்கிறார்.

‘ஓ’ என்ற முன்னொட்டின் தமிழகப் பரவலுக்கு வருவோம். அம்பத்தூர் ஓ.டி.க்கு ‘ஓல்டு டவுன்’ என்று விரிவு சொல்வது மேலோட்டமான பார்வை. ஆங்கிலத்தில் வி.ஓ.சி. என எழுதப்படும் சிதம்பரனாரின் நடு எழுத்து அவர் தந்தை உலகநாதரைக் குறிக்கிறது. பெரியகுளத்து ஓ. பன்னீர்செல்வத்தின் ‘ஓ’ ஒட்டக்காரத் தேவரைக் குறிக்கிறது. இரண்டும் அயர்லாந்து வழக்கப்படியே முன்னோரைச் சுட்டி, பெயருக்கு முன்னால் நிற்பவை. ஐரிஷ்காரருக்கு எல்லா முன்னோருக்கும் சேர்த்து ஓர் ‘ஓ’ போதும். நமக்கு ஆளுக்கு ஓர் எழுத்து. அ.ப.ஜெ. அப்துல் கலாமுக்கு மூன்று. எம்.எஸ். சுப்புலட்சுமி ஒரு படி மேலே போய், ஊரான மதுரைக்கு ஓர் எழுத்து, தாய் ஷண்முகவடிவுக்கு ஓர் எழுத்து என்று வைத்துக்கொண்டார். ஷண்முகம் யார் என்பதைக் கவனிக்கவும். ‘நி’ போட்ட பெண்களும் அப்பன் வழியைத்தான் சொன்னார்கள். இந்த விஷயத்தில் மதுரை முந்திக்கொண்டது.

மற்ற ஐரிஷ் தடயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கீழ்ப்பாக்கத்துக்கும் புரசைவாக்கத்துக்கும் நடுவில், அயர்லாந்தின் இரண்டாவது பெரிய குலம் ‘கெல்லீஸ்’ என்ற பஸ் ஸ்டாப்பாக நிற்கிறது. அதைக் காளியோடு இணைக்கும் முயற்சி நடப்பதாகக் கேள்வி, அவசரம் வேண்டாம். அம்பத்தூரின் டன்லப் ஸ்டாப் கொஞ்சம் சிக்கல். டன்லப் ஸ்காட்லாந்துப் பெயர். ஆனால் அது ரப்பரில் ஒட்டிக்கொண்டது அயர்லாந்தில். பெல்ஃபாஸ்டில் மாட்டு வைத்தியம், குதிரை வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஜான் பாய்டு டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டி கல்ரோட்டில் கடகடப்பதைப் பொறுக்காமல் காற்றடைத்த டயரைச் செய்து 1888-ல் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருடம் டப்ளினில் கம்பெனி. பிற்பாடு அதே பெயரில் அம்பத்தூரில் டயர்த் தொழிற்சாலை. அதே ஊரில் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்கள் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ். அயர்லாந்தில் தொடங்கிய வண்டி அம்பத்தூரில்தான் முழுசாகியிருக்கிறது. டன்லப் ஆலை ஓய்ந்து காலமாயிற்று. கண்டக்டர் மட்டும் இன்றைக்கும் ‘டன்லப்லாம் முன்னாடி வா’ என்று கூவுகிறார்.

1949-ல் அமெரிக்க விமானப்படைச் சோதனை ஒன்றில் கருவியின் கம்பிகளை யாரோ மாற்றி இணைத்துவிட, எட்வர்டு மர்ஃபி என்ற பொறியாளர் எரிச்சலில் சொன்ன வார்த்தை ‘மர்ஃபி விதி’ ஆயிற்று. கெட்டுப்போக வழியிருந்தால் கெட்டே போகும். ஆவடி பஸ்ஸுக்கு நின்றால் பூந்தமல்லி வண்டியாக வருவதும், பூந்தமல்லிக்கு நின்றால் ஆவடி வண்டியாக வருவதும் இந்தக் குலத்தார் இப்பகுதியில் இன்னும் ஆதிக்கத்தில் இருப்பதைக் காட்டுகின்றன.

ராபர்ட் கால்டுவெல் 1814-ல் பிறந்தது அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும். அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்த 1856-லேயே ராயபுரத்திலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாக வாலாஜா ரோடு வரைக்கும் தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அயர்லாந்தில் பிறந்தவர் நம் மொழிக்கு வம்சாவளி எழுதிக் கொடுத்தார். பதிலுக்கு அயர்லாந்துக்கு வம்சாவளி எழுத அம்பத்தூரில் ஓர் ஆள் கிளம்ப இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

ஆய்வை முடித்து நூலாக்கலாம் என்றிருந்தபோதுதான் எதிர்த்திசையிலிருந்து ஒரு சான்று கிடைத்தது. அதைச் சொல்ல 1465-க்குப் போக வேண்டும். அந்த வருடத்துச் சட்டம் ஒன்று, டப்ளினைச் சுற்றி ஆங்கிலேயர் பிடியிலிருந்த மாவட்டங்களின் ஐரிஷ்காரர்கள் ஆங்கிலப் பாணியில் குடும்பப் பெயர் வைத்தாக வேண்டும் என்றது. ஊர்ப் பெயர் வைக்கலாம்: சட்டன், செஸ்டர், கார்க். நிறம் வைக்கலாம்: வெள்ளை, கறுப்பு, பழுப்பு. தச்சர், கொல்லர் என்று தொழிலையும், சமையற்காரர் என்று பதவியையும் வைக்கலாம். வைக்காமல் இருக்க மட்டும் முடியாது.

அம்பத்தூர் எஸ்டேட்டின் ஐ.டி. கட்டடத்திலிருந்து டப்ளினுக்கு மாற்றலாகும் பையனுக்கு இதே சட்டம் பாஸ்போர்ட் விண்ணப்பமாக வருகிறது. குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் நம் அரசு ஆணை போட்டதெல்லாம் அந்தக் கட்டத்தில் செல்லாது. ‘மூ.’ என்று ஓர் எழுத்தோடு அடக்கமாக நின்ற அப்பாவை முழுசாக விரித்து அதில் எழுதுகிறான். டப்ளின் அலுவலகத்தில் அவன் மிஸ்டர் மூர்த்தி. அவன் பிள்ளை அங்கே பள்ளியில் சேரும்போது வருகைப் பதிவேட்டில் மூர்த்தி. இரண்டு பெயர் தள்ளி, ஒரு மோரனையும் ஒரு மொரியார்டியையும் தாண்டினால், மர்ஃபி. அந்தப் பிள்ளை மூர்த்திக்குப் பேரன். ஐரிஷ் முறைப்படி எழுதினால் ஓ மூர்த்தி. முர்ஹத்துக்கு நடந்தது வரி மாறாமல் இங்கேயும் நடந்திருக்கிறது. ஒரே வித்தியாசம், வம்ச ஸ்தாபகர் இன்னும் உயிரோடு அம்பத்தூரில் இருக்கிறார்.

களப்பணியின் கடைசிக் கட்டமாக அப்படியொரு ஸ்தாபகரை ஓ.டி. டீக்கடையில் பிடித்து, அயர்லாந்தில் அவர் பெயரால் ஒரு குலம் தொடங்கியிருக்கும் செய்தியை முறைப்படி தெரிவித்தோம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டார்: “யாருனா பேரைக் கேட்டா அவன் பேரைச் சொல்ல வேண்டியதுதானே சார்? எம் பேரை எதுக்குச் சொல்றான்? எதுனா வம்புல மாட்டிக்கினானா?”