அறுபத்துநாலு சார்

எங்கள் குடியிருப்பில் அவருக்கு 'அறுபத்துநாலு சார்' என்று பெயர். புதிதாகக் குடிவந்தவர்கள் ஆயகலைகள் அத்தனையும் கற்றவர் போலிருக்கிறது என்று மரியாதையாகக் கும்பிடுவார்கள். அவர் கற்றது ஒரே கலை, பேஸ்64. பி.டி.எஃப்பை ஜேசானுக்குள் வைத்து ஏஐ மாடலுக்கு அனுப்ப வேண்டுமானால் முதலில் அதை வெறும் எழுத்தாக மாற்ற வேண்டுமாம். ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, இலக்கம் 10, ஒரு கூட்டல் குறி, ஒரு சாய்கோடு, ஆக 64. தரைத்தளத்தில் லிஃப்ட் ஏறினால் நாலாவது மாடி வருவதற்குள் இதைச் சொல்லி முடித்துவிடுவார். மின்சாரம் போய்விட்டால் இன்னும் விரிவாகச் சொல்வார்.

ஊரில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அவர் கைக்குப் போகும். ஆனால் ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை. "படிக்கிறதுக்கா சார் கம்ப்யூட்டர் இருக்கு? பைத்தான்ல பத்தே வரி" என்பார். ஏபிஐ சாவியைக் கோடுக்குள் எழுதிவைக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. பாதுகாப்பு பற்றி அரைமணி நேரம் பேசுவார். அவர் வீட்டுச் சாவி துளசித்தொட்டிக்கு அடியில் இருக்கும். பால்காரர் உட்பட எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் பூர்வீக மனைக்குப் பொதுக்கிணற்றில் பாத்தியதை உண்டா என்று ஒரு சந்தேகம் வந்தது. கிரயப் பத்திரம் பதினோரு பக்கம். நானே படித்திருக்கலாம்தான். சோம்பல். அவரிடம் கொடுத்தேன்.

வெள்ளி இரவு: ஃபைலையே காணோம் என்றது கோடு. நான் வைத்த பெயரின் நடுவில் ஓர் இடைவெளி. சனி காலை: போகவில்லை. மூன்று பைட் நாலு எழுத்தாக மாறுவதால் 9 எம்பி 12 எம்பி ஆகிவிடுமாம். 413 என்று பதில் வந்தது. "பார்சல் பெரிசுன்னு திருப்பிட்டான் சார்" என்றார், நானே தபால் நிலையத்தில் நிற்பதுபோல.

சரி, உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் உருவி அனுப்பலாம் என்றார். 1993இல் அடோபி நிறுவனம் பி.டி.எஃப்பைக் கொண்டுவந்தது, எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக. கண்ணுக்குத் தெரிவது ஒன்று, உள்ளே கிடப்பது ஒன்று. எங்கள் பத்திர எழுத்தர் தட்டியது பாமினி எழுத்துருவில். 'தமிழ்' என்ற சொல்லை உருவினால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் வரும். பத்திரம் முழுக்க அப்படியே போனது. மாடல் மிகவும் பணிவாக, இது எந்த மொழி என்று கேட்டது.

ஞாயிறு: ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனிப் படமாக்கி அனுப்பினார். ஆட்டோ மீட்டரைப் பார்ப்பதுபோல டோக்கன் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் கதவைத் தட்டினார். முகத்தில் ஒரு தேஜஸ்.

"வந்துருச்சு சார்!"

"கிணறு உண்டாமா தம்பி?"

"அதைப் பார்க்கலை சார். 200 வந்துருச்சு. சக்சஸ்!"

பதிலை அழகாக ஒரு பி.டி.எஃப் ஆக்கி வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார். மூன்று பக்கம். நாளைக்குப் படிக்கலாம் என்று வைத்தேன். பதினைந்து நாள் ஆகிறது.

உங்களிடமும் ஏதாவது பத்திரம் இருந்தால் தயங்காமல் அவரிடம் கொடுங்கள், காசு வாங்க மாட்டார். ஃபைல் பெயரில் மட்டும் இடைவெளி விடாதீர்கள்.