ஒரே ஒருமுறை பறந்தவர்

அடிக்கடி விமானத்தில் போகிறவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரே ஒருமுறை போய்வந்தவர் வேறு எதையும் பேசுவதில்லை. ஊருக்கு ஒருவராவது இப்படி இருப்பார். தென்னேரியில் இவர் பட்டுப்புடவை ஆர்டர் விஷயமாக டெல்லிக்குப் போய்வந்தவர். டெல்லி எப்படி என்றால் "குளுரு" என்று முடித்துவிடுவார். விமானம் எப்படி என்று கேட்டால் உங்கள் டீ ஆறிவிடும்.

ஏரிக்கு மேலே மீனம்பாக்கம் பக்கமாக ஒரு விமானம் தாழ்ந்து போனால் போதும், டீக்கடையையே அதட்டுவார்.

"போனை ஆஃப் பண்ணுங்கப்பா! அவன் எறங்கப் போறான்ல?"

"நாம தரையிலதானே இருக்கோம் மாமா?"

"சிக்னல் மேல போவாதா?"

சிரிக்கலாம். ஆனால் இந்தப் பயம் ஒருகாலத்தில் நியாயமானதுதான், போனுக்கு முன்பே ரேடியோவில் தொடங்கியது. எஃப்.எம். ரேடியோப் பெட்டி, கேட்கும் நிலையத்தைவிட வழக்கமாக 10.7 மெகாஹெர்ட்ஸ் கூடுதலான ஓர் அலையைத் தனக்குள் உண்டாக்கிக்கொள்ளும். தறிமேடையில் சென்னை ரெயின்போ 101.4 பாடினால் உள்ளே 112.1 ஓடும், கொஞ்சம் வெளியேயும் கசியும். விமானத்துக்குத் திசை சொல்லும் தரைநிலையங்கள் பேசுவதோ 108 முதல் 118 வரை. அதனால்தான் அமெரிக்கா 1961-லேயே விமானத்தில் கையடக்க எஃப்.எம். பெட்டிக்குத் தடை போட்டது. நம்மவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, தேவையும் இல்லை. அவரிடம் செய்முறை விளக்கம் இருக்கிறது.

டீக்கடை ரேடியோவின் மேல் தன் பட்டன் போனை வைத்து, பையனை விட்டு அடிக்கச் சொல்வார். மணி ஒலிக்கும் முன்பே ரேடியோ 'டட்டட்-டட்டட்-டர்ர்ர்' என்று இருமும். 2ஜி போன் நொடிக்கு 217 தடவை விட்டுவிட்டு அலை அனுப்புவதால் வரும் சத்தம் அது. "கேட்டியா? பைலட் காதுலயும் இதேதான்!" என்பார். அதில் பொய்யில்லை, விமானிகள் சிலரே புகார் சொன்ன சத்தம்தான். அதற்கடுத்து "உடனே இறக்கை ஆடும்" என்று சேர்ப்பாரே, அது அவருடைய சொந்தச் சரக்கு.

ஃப்ளைட் மோடில் வைத்துக்கொண்டு பயணம் முழுக்கப் பயன்படுத்தலாம் என்று நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2014-லேயே சொல்லிவிட்டது. "கவர்மென்ட் ஆயிரம் சொல்லும்" என்பார். 2022 ஜனவரியில் 5ஜி கோபுரங்கள், தரையிலிருந்து உயரம் அளக்கும் கருவியைக் குழப்பும் என்று ஏர் இந்தியா சில அமெரிக்க விமானங்களை ரத்து செய்தபோது, தெருவில் இவர் நடையே மாறிவிட்டது. அதே ஆண்டு நவம்பரில், சில விமான நிலையங்களில் ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்தும் 2.1 கிலோமீட்டருக்குள் 5ஜி கோபுரம் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறையும் சொல்லிவிட, கேட்கவா வேண்டும்! பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று ஏகனாபுரத்து மக்கள் போராடிக்கொண்டிருக்க, இவர் மட்டும் அங்கிருந்து நம்மூர் செல்போன் டவர் எத்தனை கிலோமீட்டர் என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

டெல்லிக்குக் கூடப் போன மச்சான்தான் ஒருநாள் போட்டு உடைத்தார். ஓடுபாதையில் வேகமெடுக்கும் வரை "கோர்வைக்கு ஆளு வந்தானா? ஜரிகை எத்தினி மார்க் இருக்குது?" என்று மாமா கத்திக்கொண்டே இருந்தாராம். பணிப்பெண் கும்பிடாத குறையாம்.

மாமா அசரவில்லை.

"அது பட்டன் போனுப்பா. அதுல ஏது அலை?"